பிரெட்டன் மின்பில்லிக்: நெருப்பை எந்திரம் பார்க்கும், மாவைக் கைதான் பார்க்க வேண்டும்

பிரான்சின் வடமேற்கு மூலையில் அட்லாண்டிக் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் நிலம் பிரிட்டனி. அங்கே வீட்டுச் சமையலறையிலும் சந்தை வண்டியிலும் உணவகத்திலும் ஒரே மாதிரி ஒரு வட்ட இரும்புக்கல்லைப் பார்க்கலாம். விளிம்பு கிடையாது, கைப்பிடி கிடையாது, வெறும் தட்டை. அதன் பெயர் பில்லிக். பிரெட்டன் மொழியில் இந்தச் சொல் தனியே நின்றால் முதல் பகரம் அழுத்தமாக ஒலிக்கும். முன்னால் 'அர்' என்ற சுட்டு வந்துவிட்டால் மெலிந்துவிடும். தமிழில் எழுதும்போது இரண்டுக்கும் ஒரே எழுத்துதான், நமக்கு அந்தச் சிக்கல் இல்லை.

இந்தக் கல்லில் இரண்டு பண்டங்கள் சுடுகிறார்கள். கருங்கோதுமை மாவில் உப்புப் போட்டுச் சுடுவது கலெத். கோதுமை மாவில் பால், முட்டை சேர்த்து இனிப்பாகச் சுடுவது க்ரெப். கருங்கோதுமை என்பது பக்வீட். பெயரில்தான் கோதுமை. உண்மையில் அது புல் இனமே அல்ல, பூச்செடி ஒன்றின் முக்கோண விதை. கோதுமை மாவுக்கு இழுவையும் பிடிப்பும் தரும் குளூட்டன் என்ற புரதம் அதில் இல்லை. பின்னால் வரப்போகும் தொல்லைகளில் பாதிக்கு இந்த ஒரு குணம்தான் காரணம்.

இங்கே எடைபோடுவது 40 செ.மீ. விட்டமுள்ள வார்ப்பிரும்புத் தட்டும், 3000 வாட் சூடேற்றியும், தெர்மோஸ்டாட்டும் கொண்ட மின்பில்லிக்கை. கடைக்காரர்கள் பயன்படுத்தும் அளவு இதுதான், வீட்டுக்கும் இதையே பலர் வாங்குகிறார்கள். விலை சில நூறு யூரோ. பக்கத்து அலமாரியிலேயே 50 யூரோவுக்குள் ஒட்டாத பூச்சுப் போட்ட மின்கல் கிடைக்கும்போது இவ்வளவு கொடுக்க வேண்டுமா என்பது நியாயமான கேள்வி.

முதலில் இது எதற்குப் பதிலாக வந்தது என்று பார்த்துவிடலாம். பழைய பண்ணைவீடுகளில் கணப்பு அடுப்புக்குள் முக்காலி வைத்து, அதன்மேல் கல்லை ஏற்றி, அடியில் முட்புதர்ச் சுள்ளிகளை எரித்தார்கள். குப்பென்று பிடித்து உடனே தணிகிற எரிபொருள் அது. கட்டை விறகு வைத்தால் சூடு ஏறிக்கொண்டே போகும், இறங்காது. சுள்ளி என்றால் ஒவ்வொரு கலெத்துக்கும் ஒரு பிடி போட்டுச் சூட்டைக் கையாலேயே கூட்டிக் குறைக்கலாம். ஆக, ஒரு கை மாவைப் பார்த்தது, ஒரு கண் நெருப்பைப் பார்த்தது. மின்பில்லிக் எடுத்துக்கொண்டது அந்த இரண்டாவது வேலையை மட்டும்தான். மாவைப் பரப்பும் வேலையை அது தொடவே இல்லை. இந்தக் கருவியின் தரம், குறை, விலை எல்லாவற்றையும் இந்த எல்லைக்கோட்டை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும்.

இந்தத் துறையில் பெரிய பெயர் க்ராம்பூஸ். பிரெட்டனில் 'க்ராம்பூஎஸ்' என்றால் க்ரெப். 1949இல் தொடங்கிய நிறுவனம், கெம்பேர் நகரை ஒட்டிய ப்ளூகுஃபானில் இயங்குகிறது. 2019இல் இதை செப் குழுமம் வாங்கியது. ஒட்டாத பூச்சுக்குப் பேர்போன டெஃபால் பிராண்டும் அதே குழுமத்தின் சொத்துதான். பூச்சே வேண்டாம் என்று பிடிவாதம் பிடிக்கும் இரும்புக்கல்லும், பூச்சையே பிழைப்பாக வைத்திருக்கும் பிராண்டும் இன்று ஒரே கூரையின் கீழ்.

இனி அந்த விலை வித்தியாசம். 40 செ.மீ. தட்டின் பரப்பு ஏறக்குறைய 1257 சதுர செ.மீ. 3000 வாட்டை அதில் பரப்பினால் ஒரு சதுர செ.மீ.க்கு 2.4 வாட். 33 செ.மீ. அகலமும் 1000 வாட்டும் கொண்ட மலிவான கல்லில் அது 1.2 வாட்டுக்கும் கீழே. அதாவது பாதி. இதைவிட முக்கியம் எடை. தட்டின் தடிமனை ஒரு செ.மீ. என்று வைத்துக்கொண்டால் வார்ப்பிரும்பு மட்டும் ஒன்பது கிலோ. ஒரு கலெத் வேகும்போது 40 கிராம் நீர் ஆவியாகிறது என்று கொள்ளுங்கள். அதற்கு ஏறக்குறைய 90 கிலோஜூல் வெப்பம் தேவை. ஒன்பது கிலோ இரும்பு அந்த வெப்பத்தைத் தன் சேமிப்பிலிருந்தே கொடுத்தாலும் 22 டிகிரிதான் இறங்கும். ஒன்றரைக் கிலோ அலுமினியத் தட்டு அதே வெப்பத்தைக் கொடுக்கப் போனால் 65 டிகிரிக்கு மேல் இறங்கிவிடும். முதல் கலெத் நன்றாக வந்து, இரண்டாவது வெளிறிப் போய், மூன்றாவது ஒட்டிக்கொள்ளும் கதை இதுதான். மாவைக் குறை சொல்லிப் பயனில்லை.

பூச்சுக்கல்லில் இன்னொரு தடையும் உண்டு. கருங்கோதுமை மாவுக்குக் கல் 220 முதல் 240 டிகிரி வரை இருக்க வேண்டும். அந்த இடத்தில் ஒட்டாத பூச்சு தன் தாங்கும் எல்லையை நெருங்கிவிடுகிறது. அதனால்தான் பல மலிவான கற்களில் தெர்மோஸ்டாட்டை அதற்கு முன்பே நிறுத்திவிடுகிறார்கள். கோதுமை க்ரெப்புக்கு 200, 210 டிகிரி போதும். ஆகவே இனிப்பு க்ரெப் மட்டும் சுடப்போகிறவர், அதுவும் எப்போதாவது, பூச்சுக்கல்லையே வாங்கிக்கொள்ளலாம். பெரிய கல்லுக்கு அவர் கொடுக்கும் பணம் வீண். கலெத் வேண்டும் என்றால் குறுக்கு வழி கிடையாது. இண்டக்‌ஷன் அடுப்பின் மேல் ஒரு பெரிய இரும்புத் தட்டை வைத்துச் சமாளிக்கலாமே என்று தோன்றும். அடியிலிருக்கும் சுருளின் அகலம் 20 செ.மீ.தான் என்றால் நடுவில் கருகும், ஓரத்தில் பச்சையாக இருக்கும்.

மின் இணைப்பைப் பெட்டி பிரிக்கும் முன்பே யோசிக்க வேண்டும். 230 வோல்ட்டில் 3000 வாட் என்றால் 13 ஆம்பியர். 16 ஆம்பியர் சாக்கெட் ஒன்றை இதற்கென்றே ஒதுக்க வேண்டும். பல துளை நீட்டிப்புக் கம்பியில், அதுவும் சுருட்டி வைத்த கம்பியில் மாட்டினால் உறை உருகும். பிரான்சில் நிறைய வீடுகளின் மின் ஒப்பந்தம் 6 கேவிஏ, அதாவது ஏறக்குறைய 6000 வாட். இரண்டு பில்லிக்கை ஒன்றாக ஓடவிட்டாலே அந்த அளவு முழுவதும் போய்விடும். அதோடு ஒரு தண்ணீர்க் கெட்டிலைப் போட்டால் லிங்கி என்ற ஸ்மார்ட் மீட்டர் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். பத்துப் பேருக்கு விருந்து என்று இரண்டு கல் வாங்குகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். அவர்கள் ஒன்றை மின்சாரத்திலும் மற்றதை எரிவாயுவிலும் வைத்துக்கொள்வது உத்தமம்.

எரிவாயுப் பில்லிக்கைக் குறைவாக எடைபோட வேண்டாம். 40 செ.மீ. கல்லுக்கு 6 கிலோவாட் அளவுக்குத் தீ கிடைக்கும், மின்கல்லைப் போல இரண்டு மடங்கு. சந்தையில் ஓயாமல் சுடுகிறவர்களுக்கு அதுதான் சரி. 13 கிலோ பியூட்டேன் உருளையில் 165 கிலோவாட் மணி வெப்பம் இருக்கிறது. முழுத் தீயில் வைத்தாலும் 27 மணி நேரம் வரும். ஆனால் உறைபனிக் குளிரில் பியூட்டேன் ஆவியாகாது. குளிர்காலத்தில் வெளியே சுடுகிறவர் புரோப்பேனுக்கு மாற வேண்டும், அதற்கு 37 மில்லிபார் ரெகுலேட்டர் வேண்டும். பியூட்டேனுக்கு உரியது 28. கருவியின் ஜெட், அதாவது வாயு வெளிவரும் சிறு துளை, எந்த வாயுவுக்கானது என்று பார்க்காமல் ரெகுலேட்டரை மட்டும் மாற்றக் கூடாது. பிரிட்டனியின் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு பக்கத்திலிருந்து காற்றடித்தால் தீ ஒதுங்கி, கலெத்தின் ஒரு பாதி மட்டும் சிவக்கும். தெர்மோஸ்டாட் இல்லாத எரிவாயுக் கல்லில் பழைய காலத்தைப் போலவே ஒரு கண் தீயின்மேல் இருந்தாக வேண்டும். வீட்டுக்குள் சுடுவதற்கு மின்பில்லிக்தான் நிம்மதி.

புதுக்கல்லைப் பழக்குவதில்தான் பெரும்பாலோர் தோற்கிறார்கள். தட்டின்மேல் இருக்கும் காப்புப் பூச்சை முதலில் துடைத்தெடுத்து, நன்றாக உலரவிட வேண்டும். பிறகு தெர்மோஸ்டாட்டை 270 டிகிரிக்கு வைத்து, கல் முழுக்கச் சூடான பிறகு, ஒரு தேக்கரண்டி சூரியகாந்தி எண்ணெயைப் பஞ்சுத்துணிப் பொட்டலத்தால் ஓரம்வரை தேய்க்க வேண்டும். புகையும். புகை அடங்கி மேற்பரப்பு காய்ந்த பிறகே அடுத்த பூச்சு, இடைவெளி எட்டுப் பத்து நிமிடம். இப்படி ஏழெட்டு முறை. மொத்தம் ஒன்றரை மணி நேரம் போகும், ஜன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும். சாம்பல் நிறக் கல் பழுப்பாகி, பிறகு கறுத்து, கடைசியில் மினுமினுக்கும்.

கெடுவது எங்கே? எண்ணெயைத் தாராளமாக ஊற்றும்போது. தடித்த படலம் உள்ளே காயாமல் பிசின்போல நிற்கும். பத்துக் கலெத் சுட்டதும் செதில் செதிலாகக் கழன்று மாவோடு வரும். அப்படி ஆகிவிட்டால் சிராய்ப்புக் கல்லால் தேய்த்து இரும்பு தெரியும்வரை எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவதைத் தவிர வழியில்லை. பழகிய கல்லைச் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவினால் செய்த வேலை அத்தனையும் சாக்கடையில். சூட்டோடு இருக்கும் கல்லில் குளிர்ந்த நீரை ஊற்றினால் இன்னும் மோசம், வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

சுடும்போது கல்லுக்கு ஒவ்வொரு முறையும் கொழுப்புத் தடவ வேண்டும், ஆனால் பளபளப்பு தெரியும் அளவுக்கு மட்டும். அந்தக் காலத்தில் பன்றிக்கொழுப்பையும் முட்டை மஞ்சள் கருவையும் பிசைந்து வைத்திருப்பார்கள், லார்டிகெல் என்பார்கள். சில கடைகளில் இன்றும் உண்டு. மஞ்சள் கரு சேர்வதால் கொழுப்பு கல்லில் சீராகப் பிடிக்கும். சைவம் சாப்பிடுபவர் பிரிட்டனி உணவகத்தில் கலெத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால் மட்டும் போதாது, கல்லில் எதைத் தடவுகிறீர்கள் என்றும் கேட்க வேண்டும்.

தெர்மோஸ்டாட் விளக்கை நம்பி ஏமாறுவது இன்னொன்று. ஒன்பது கிலோ இரும்பை 230 டிகிரிக்கு ஏற்றக் கணக்குப்படி ஐந்து நிமிடம் போதும். காற்றில் இழப்பதையும் சேர்த்துக்கொண்டால் ஏழெட்டு நிமிடத்தில் விளக்கு அணையும். அப்போது சூடாகியிருப்பது உணரி இருக்கும் இடமும் சூடேற்றியின் மேலுள்ள வளையமும்தான். ஓரத்துக்குச் சூடு பரவ 15, 20 நிமிடம் ஆகும். விளக்கு இரண்டு மூன்று முறை எரிந்து அணையும்வரை பொறுத்திருங்கள். மேசை மட்டமாக இருக்கிறதா என்பதையும் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட வேண்டும். கால்களுக்கு அடியில் அட்டையைச் செருகியாவது சரிசெய்யுங்கள். விளிம்பில்லாத கல்லில் சரிவு இருந்தால் மாவு ஒரு பக்கமாக ஓடி மேசையில் விழும்.

மாவுக்கு வருவோம். 330 கிராம் கருங்கோதுமை மாவு, 10 கிராம் கல்லுப்பு, 750 மி.லி. குளிர்ந்த நீர். கூட்டத்துக்கு என்றால் ஒரு கிலோ மாவுக்கு 2.2 லிட்டர் தண்ணீர், 30 கிராம் உப்பு. கலெத் ஒன்றுக்கு 130 கிராம் கரைசல் என்று எடுத்தால் 24 கலெத் கிடைக்கும். தண்ணீரை மூன்று தவணையாக ஊற்ற வேண்டும். முதல் தவணையில் கெட்டிப் பசையாக்கி, கையாலோ மரக்கரண்டியாலோ ஐந்து நிமிடமாவது அடித்துக் கலக்க வேண்டும். பசையில் குமிழ் எழும்பி உடைந்தால் போதும். குளூட்டன் இல்லாத மாவை ஏன் இப்படி அடிக்க வேண்டும் என்றால், கருங்கோதுமையில் இருக்கும் வழவழப்பான பிசினும் மாவுச்சத்தும் நீரைக் குடித்து ஒன்றோடொன்று பிடிக்க வேண்டும். கலெத்தைச் சேர்த்துப் பிடிப்பது அவை மட்டுமே. அரைகுறையாகக் கலக்கிய மாவு திருப்பும்போது கிழியும். பிறகு குளிர்பெட்டியில் குறைந்தது இரண்டு மணி நேரம், முடிந்தால் ஓர் இரவு. காலையில் மேலே சாம்பல் நிறத் தண்ணீர் நிற்கும். கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், கலக்கிவிட்டு, கெட்டியாகத் தெரிந்தால் சிறிது நீர் சேருங்கள்.

மாவு வாங்கும்போது பையைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. பிரான்சில் விற்கும் கருங்கோதுமை எல்லாம் பிரான்சில் விளைந்தது இல்லை, இறக்குமதி நிறைய. உள்ளூர் விளைச்சலைக் காப்பதற்காக 1987இல் விவசாயிகளும் மாவரைப்பவர்களும் சேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். 2010இல் 'பிரிட்டனிக் கருங்கோதுமை மாவு' என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் பிரெட்டன் பெயரும் இருக்கிறது: க்வினிஸ் து ப்ரெய்ஸ். நல்ல மாவு சாம்பல் நிறத்தில், கரும்புள்ளிகளோடு இருக்கும். புள்ளிகள் தோலின் துணுக்குகள், சுவையும் வாசனையும் அங்கேதான். வெள்ளை வெளேரென்ற மாவு சுலபமாகப் பரவும், ஆனால் சப்பென்று இருக்கும். கொழுப்புள்ள மாவு என்பதால் சீக்கிரம் சிக்கடிக்கும். பெரிய மூட்டை வாங்கி அலமாரியில் போடாதீர்கள்.

உப்புக்குக் கெராந்து சாம்பல் உப்பைச் சொல்வார்கள். கெராந்து இருக்கும் லுவார்-அட்லாந்திக் மாவட்டம் இன்றைய நிர்வாக வரைபடத்தில் பிரிட்டனிக்கு வெளியே இருக்கிறது. ஊர்க்காரர்களிடம் இதைச் சொல்லிப் பார்க்காதீர்கள், அன்றைய மாலை முழுக்க அந்தப் பேச்சுதான்.

இப்போது எந்திரம் தொடாத பகுதி. ரொஸெல் என்பது மாவைப் பரப்பும், ஆங்கில T வடிவ மரத்துண்டு. 40 செ.மீ. கல்லுக்கு 18 முதல் 20 செ.மீ. நீள அலகு வேண்டும், அதாவது ஆரத்தின் அளவு. ஸ்பனெல் என்பது நீண்ட மெல்லிய தட்டைக்கரண்டி, திருப்புவதற்கும் மடிப்பதற்கும். பெட்டியோடு இனாமாக வரும் ரொஸெல் சில நேரம் 12 செ.மீ.தான் இருக்கும். அதைத் தூக்கி வைத்துவிட்டுச் சரியானதை வாங்குங்கள், சில யூரோவில் முடியும். சுடுகிற நேரம் முழுக்க ரொஸெல் தண்ணீர்ப் பாத்திரத்தில் ஊறிக்கொண்டிருக்க வேண்டும். உலர்ந்த மரத்தில் மாவு பிடித்துக்கொள்ளும்.

தோசை வார்த்துப் பழகிய கை இங்கே ஒன்றை மறக்க வேண்டும். நடுவில் ஊற்றிக் கரண்டியின் அடியால் சுழித்துச் சுழித்து வெளியே போவது இங்கே இல்லை. வலக்கைக்காரர் மையத்திலிருந்து சற்றுத் தள்ளி ஊற்றி, ரொஸெலின் ஒரு முனையை மையத்தில் நிறுத்தி, மறுமுனை ஓரத்தைத் தொடுமாறு கல் முழுவதையும் ஒரே சுற்றில் வளைத்துவர வேண்டும். சுழல வேண்டியது மணிக்கட்டு, முழங்கை அல்ல. அழுத்தம் கூடவே கூடாது, ரொஸெல் மாவின்மேல் மிதக்க வேண்டும். அழுத்தினால் அடியில் வெந்துபோன படலத்தைச் சுரண்டிவிடும். குளூட்டன் இல்லாத மாவு இழுபடாது என்பதால் சுரண்டிய இடம் ஓட்டையாகவே நிற்கும். மேலும் மாவு ஊற்றி ஒட்டுப்போடலாம், ஆனால் அந்த இடம் தடித்துப்போகும். உங்களுக்கு இருக்கும் நேரம் மூன்று, நான்கு விநாடி. கல் 250 டிகிரியைத் தாண்டியிருந்தால் அதுவும் இல்லை, மாவு பரவும் முன்பே இறுகி ரொஸெலோடு சுருண்டு வரும். 200க்குக் கீழே இருந்தால் அழகாகப் பரவும், ஆனால் நீராவி குபீரென்று எழாததால் கண்கள் விழாது, வெளிறி, ரப்பர்போல இருக்கும். முதல் இருபது கலெத்தை நாய்க்குப் போட நேர்ந்தால் மனம் தளர வேண்டாம். கருவியிலும் குறையில்லை.

மாவில் ஒரு முட்டை சேர்த்தால் பிடிப்பு வரும், நிறமும் ஏறும். ஒரு பிடி கோதுமை மாவு சேர்த்தால் பரப்புவது இன்னும் எளிது. இது ஏமாற்றா இல்லையா என்பதில் பிரிட்டனியே இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ரென் நகரைச் சுற்றிய கிழக்குப் பகுதியில் மாவு, தண்ணீர், உப்பு மூன்றுதான், கலெத் மெத்தென்று சற்றுத் தடிப்பாக இருக்கும். மேற்கே அதைக் கருங்கோதுமை க்ரெப் என்றே சொல்கிறார்கள், மாவில் முட்டை, பால், சிறிது கோதுமை சேர்ப்பதும் உண்டு, மெல்லியதாக மொறுமொறுவென்று எடுப்பார்கள். அந்த மொறுமொறுப்புக்கு 'க்ராஸ்' என்று பிரெட்டனில் தனிச்சொல். கிழக்கத்திய மாவை மேற்கத்திய சூட்டில் சுட்டால் வறட்டியாகும். எந்த ஊர்ச் சமையல் குறிப்பை எடுத்தீர்களோ, அந்த ஊரின் தடிப்பையே குறியாக வைத்துக்கொள்ளுங்கள்.

குளூட்டன் ஒவ்வாதவர்களுக்கு இந்தப் பிரிவினை விளையாட்டு அல்ல. மேற்கே கலெத்திலேயே கோதுமை இருக்கக்கூடும். கிழக்கேயும் ஒரே கல்லில் இரண்டையும் சுட்டால் கோதுமை ஒட்டிக்கொள்ளும். நல்ல உணவகங்களில் கலெத்துக்கு ஒன்று, க்ரெப்புக்கு ஒன்று என்று குறைந்தது இரண்டு பில்லிக் இருக்கும். சூடு வேறு என்பதுதான் முதல் காரணம், மற்றது கூடவே கிடைக்கும் நன்மை. கொழுப்புத் தடவும் பொட்டலமும் ரொஸெலும்கூடத் தனித்தனியா என்பதையும் பார்க்க வேண்டும்.

உணவகங்களில் எந்திரம் எவ்வளவு தூரம் உள்ளே வந்துவிட்டது என்பதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. பல இடங்களில் கலெத்துகளைக் காலையிலேயே சுட்டு அடுக்கிவிடுகிறார்கள். கேட்கும்போது கல்லில் போட்டு, வெண்ணெய் தடவி, முட்டை, ஹாம், எமென்தால் சீஸ் வைத்து நான்கு ஓரத்தையும் மடித்துத் தருகிறார்கள். இது மோசடி அல்ல. கடைகளில் டஜன் கணக்கில் கலெத் விற்பதும், வீட்டில் சூடாக்கித் தின்பதும் பழைய வழக்கம்தான். ஆனால் அடுக்கில் கிடந்த கலெத்தின் ஓரம் மெத்தென்று துணிபோல இருக்கும், அப்போதே சுட்டதன் ஓரம் சரிகைபோலப் பொரிந்திருக்கும். முட்டையைப் பச்சை மாவின்மேல் உடைத்து வெள்ளைக் கருவைப் பரப்பியிருந்தால் அது அடியோடு ஒட்டி வெந்திருக்கும். சுட்ட கலெத்தின்மேல் உடைத்திருந்தால் கரண்டியில் தனியே கழன்று வரும். சூப்பர்மார்க்கெட் பொட்டலக் கலெத் இன்னொரு சாதி. சுழலும் உருளைகளில் வார்த்தவை, ஒரே தடிப்பு, ஒரே நிறம், கண்கள் இல்லை. ரென் நகரின் லீஸ் சந்தையிலும் ரோஆஸோன் பார்க் கால்பந்து மைதான வாசலிலும் குளிர்ந்த கலெத்தில் சூடான சாசேஜைச் சுருட்டிக் கொடுப்பார்கள். அதற்கு மொறுமொறுப்பு தேவையே இல்லை, சுருட்டினால் உடையாத துணித்தன்மைதான் வேண்டும். அங்கே போய்ச் சரிகை ஓரம் தேடுவது தவறு.

பெயர்களைப் பற்றி ஒன்று. 2018 கணக்கெடுப்பில் பிரெட்டன் பேசுவோர் 2,07,000 பேர் என்று வந்தது. 2024 கணக்கெடுப்பில் அது 1,07,000. ஆனால் கடையில் போய் பில்லிக், ரொஸெல், ஸ்பனெல் என்று கேட்டால் பிரெட்டனில் ஒரு வாக்கியம்கூடப் பேசத் தெரியாத இளைஞரும் சரியான பொருளை எடுத்துத் தருவார். இணையக் கடையில் தேடும்போதும் இந்தச் சொற்களைப் போட்டுத் தேடுங்கள். 'க்ரெப் மேக்கர்' என்று தேடினால் வந்து குவிவது பூச்சுக்கல்தான்.

பராமரிப்பு அதிகமில்லை. வேலை முடிந்ததும் சூடு இறங்கும்போது உலர்ந்த துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய்ப் படலம் தடவி, மூடியோ கெட்டித் துணியோ போட்டு வையுங்கள். கடற்கரை ஊர்களின் ஈரத்தில் ஒரு வாரம் திறந்து கிடந்தால் துரு ஏறும். ஏறினாலும் பயமில்லை, சிராய்ப்புக் கல்லும் மூன்று பூச்சு எண்ணெயும் சரிசெய்துவிடும். பூச்சுக்கல் ஒருமுறை சுரண்டிக்கொண்டால் குப்பைதான்.

இந்த ஆயுளால்தான் பழைய பில்லிக் வாங்குவதும் புத்திசாலித்தனம். கடை மூடுகிறவர்கள் விற்பார்கள். கல் கன்னங்கரேலென்று இருப்பது குறையல்ல, பல ஆண்டுப் பழக்கம். ஓர் இரும்பு அடிக்கோலைக் கல்லின் குறுக்கே நான்கு திசையிலும் வைத்து வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். நடுவில் குழிந்த கல்லில் மாவு அங்கேயே தேங்கும், அதற்கு வைத்தியமில்லை. விளிம்பில் மயிரிழை விரிசல் இருந்தால் விட்டுவிடுங்கள். மின்கம்பி காய்ந்து வெடித்திருந்தாலோ தெர்மோஸ்டாட் வேலை செய்யாவிட்டாலோ விலையைக் குறைத்துக் கேட்கலாம், இரண்டையும் மாற்ற முடியும். தொழிற்கூடக் கருவி மும்முனை மின்சாரத்துக்கானதா என்று அடியிலுள்ள தகட்டில் படித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு தெரிந்தால் தூக்கிக்கொண்டு திரும்பிப் போவது கஷ்டம், எடை அப்படி.